பெற்றோர் மனம் சோர்ந்தால்

பெங்களூரில் சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், அல்சூர், லிங்கராஜபுரம் போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள வீடுகளில் குடியிருக்கின்றன. சமைப்பது, சாப்பிடுவது, படிப்பது, படுப்பது எல்லாம் அதற்குள்தான். அப்படிப்பட்ட வீட்டில் தகப்பனாரின் முகம் வாடினால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்க இடம் கிடையாது. தாயார் விடிந்த பிறகும் எழுந்திருக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், பள்ளிக்கூடம் புறப்படும் குழந்தை அவரைத் தாண்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் கவலை இல்லை. சம்பளம் தாமதமானாலும், ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தாலும் யாருக்கும் மனம் வாடத்தான் செய்யும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் அந்த வாட்டம் நீடித்து, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போய், தூக்கமும் பசியும் கெட்டு, கை வேலை ஓடாமல், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பும் வந்துவிட்டால் அது வெறும் கவலை அல்ல, நோய். டாக்டர்கள் டிப்ரஷன் என்கிறார்கள். தமிழில் மனச்சோர்வு எனலாம். (பலர் இதை ‘மன அழுத்தம்’ என்று எழுதுகிறார்கள். அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் நெருக்கடி. ஆபீசில் வேலை குறைந்தால் அதுவும் குறையும். சோர்வு நோய் அப்படிப் போய்விடாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் ‘நாலு நாள் லீவு போடு, சரியாகிவிடும்’ என்ற யோசனை பிறக்கிறது.)

ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று அதில் தெரியவந்தது. 50 வீடுகள் உள்ள ஒரு சந்தில், வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து பேர். இதைவிடக் கவலை தரும் கணக்கு ஒன்றும் அதில் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

ஏன் பெறவில்லை? பணம் ஒரு காரணம். ஆனால் அதற்கும் முன்னால், நோய் வேறு வேடத்தில் வருவது ஒரு காரணம். நம் பெண்கள் ‘மனசு சரியில்லை’ என்று டாக்டரிடம் போவதில்லை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி, உடம்பு எரிச்சல் என்றுதான் போகிறார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, வலி நிஜம். ரத்தம் பரிசோதிக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், சத்து ஊசி போடுகிறார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றதும் ‘சும்மா படுத்துக்கொள்ள ஒரு சாக்கு’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது கோபமாக வருகிறது. சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவது, பிள்ளை சத்தம் போட்டால் கை ஓங்குவது, பிறகு பேச்சே இல்லாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதோடு குடியும் சேர்ந்துகொண்டால், குடியால் சோர்வா, சோர்வால் குடியா என்று பிரித்துச் சொல்ல டாக்டருக்கே நாள் பிடிக்கும். குடிப்பவர் எல்லாரும் மனச்சோர்வு நோயாளி என்று நாம் சொல்லவில்லை. அடிப்பதற்கு நோய் ஒரு சமாதானமும் ஆகாது. ஆனால் ‘போன வருஷம் வரை இப்படி இல்லையே, இப்போது ஏன்?’ என்று மனைவியோ அண்ணனோ ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் உண்மை வெளிவரலாம்.

பிழைக்க வந்த ஊரில் இந்த நோய்க்கு இடம் தரும் சங்கதிகள் நிறைய. மாதா மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், தங்கை கல்யாணக் கடன், வாடகை முன்பணம், கட்டட வேலையில் மழைக்காலத்து ஓய்வு என்று அடுக்கலாம். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களில், ஒரே நாளில் வேலையோடு ஊரில் இருந்த மதிப்பும் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ தகப்பன்மார் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் வந்து, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பினார்கள். அவர்களில் மனம் ஒடிந்தவர்களைச் ‘சோம்பேறி’ என்று சொன்னவர்கள் உண்டு. கூடப் பிறந்தவர்களே சொன்னதும் உண்டு.

வறுமை மட்டும்தான் காரணம் என்பதும் சரியல்ல. மாதச் சம்பளம் தவறாமல் வரும் குமாஸ்தா வீட்டிலும் இந்த நோய் வருகிறது. சில குடும்பங்களில் இது பரம்பரையாகத் தொடர்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்த சோகை இருந்தாலும் இதே போன்ற அசதி வரும் என்பதால் டாக்டர்கள் முதலில் அவற்றைப் பரிசோதிப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வருவது தனி வகை. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 100-க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது, மாமியாருடன் மனஸ்தாபம், கூடமாட உதவ ஆள் இல்லாதது ஆகியவை இருந்த பெண்களிடம் இது அதிகம் காணப்பட்டது. கடைசியாகச் சொன்னதைப் பெங்களூருக்குப் பொருத்திப் பாருங்கள். பிரசவமாகி மூன்றாம் மாதம் தாய் வீட்டிலிருந்து அழைத்து வந்து, காலை ஏழு மணிக்குப் புருஷன் வேலைக்குப் போய்விட்டால், பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண் இருட்டும் வரை தனியாகத்தானே இருக்கிறாள்?

ஆண்களும் விதிவிலக்கல்ல. பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கணக்குப்படி, மனைவியின் கர்ப்ப காலத்திலோ குழந்தை பிறந்த முதல் ஆண்டிலோ தகப்பன்மாரில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்பட்டது.

இனி, பிள்ளைகளுக்கு வருவோம். கைக்குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்பது நம்மவர்களின் எண்ணம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் முதலில் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவார். பிறகு சிறிது நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். தாய் முகம் மாறவில்லை என்றதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், அழும். சில நிமிடத்துக்கே இப்படி என்றால், மாதக்கணக்கில் அசையாத முகத்தைப் பார்த்து வளரும் குழந்தையின் நிலையை நாம் சொல்ல வேண்டியதில்லை. ‘குழந்தை எட்டு மாதமாகியும் சிரிக்கவே இல்லை’ என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் வீட்டில், தாய் சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பாடு வேறு. அது காரணம் தேடுகிறது. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாததால் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ‘நான் கணக்கில் மார்க் குறைந்ததால்தான் அப்பா பேசவில்லை.’ ‘நான் தம்பியை அடித்ததால்தான் அம்மா அழுகிறாள்.’ பிறகு வீட்டில் சத்தம் வராமல் நடக்கப் பழகுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. நோட்டுப் புத்தகம் தீர்ந்ததைக்கூடச் சொல்வதில்லை. இந்தப் பிள்ளையைத்தான் நாம் ‘சமர்த்து’ என்று மெச்சிக்கொள்கிறோம். மூத்தது பெண்ணாக இருந்தால் 11 வயதில் அடுப்பு அவள் கைக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலை சீவி, தாய்க்குக் கஞ்சி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள். முதலில் முதல் மணி தவறுகிறது, பிறகு வாரம் இரண்டு நாள், பிறகு பள்ளிக்கூடமே நின்றுவிடுகிறது. பையன் என்றால் வீட்டுக்கே வருவதில்லை. தெருமுனையில் நிற்கிறான். அங்கே அவனோடு பேச ஆள் இருக்கிறது.

சொந்த ஊராக இருந்தால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். தாய் படுத்துவிட்டாலும் குழந்தைக்கு ஒரு மடி கிடைக்கும். வந்த ஊரில் அந்த மடிகள் இல்லை. புருஷன் மனைவி இருவரில் ஒருவர் சோர்ந்தால் மற்றவரும் இரட்டைச் சுமை தாங்காமல் எரிந்து விழுகிறார். ‘உனக்கென்ன குறை வைத்தேன்?’ என்று அவர் கேட்க, இவர் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததே அடுத்த சண்டைக்குக் காரணமாகிறது. இப்படி நோய் ஒருவருக்கு, பகை இருவருக்கு என்று ஆகிவிடுகிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தாய்க்குக் கன்னடம் சரியாக வராது. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்த பிள்ளைக்கு வரும். ஆகையால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளைதான் துபாஷி. காய்ச்சல், இருமல் என்றால் பரவாயில்லை. ‘தூக்கம் வருகிறதா? வாழ்க்கையே வேண்டாம் என்று நினைப்பு வருகிறதா?’ என்று டாக்டர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தாயிடம் ஒன்பது வயதுக் குழந்தை எப்படிக் கேட்கும்? கேட்டாலும், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் ‘ஆமாம்’ என்பாள்? ‘ஒன்றுமில்லை, தலைவலிதான் என்று சொல்லு’ என்பாள். டாக்டர் தலைவலிக்கு எழுதிக் கொடுப்பார். குழந்தைக்கோ அந்தக் கேள்வி மறக்கவே மறக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து அம்மா இருக்கிறாளா என்று பார்க்கத் தொடங்கும். இந்த வேலைக்குத் தயவு செய்து பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரைக் கூப்பிடுங்கள். பெங்களூர் டாக்டர்களிலும் நர்சுகளிலும் தமிழ் அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவரிடம் பேச வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கன்னடத்தில் குடும்ப விஷயம் சொல்லத் தெரியவில்லை என்பது குற்றமல்ல. நோவைச் சொல்ல யாருக்கும் தாய்மொழிதான் வரும்.

இவ்வளவும் படித்துவிட்டு, சோர்ந்திருக்கும் பெற்றோர் ‘ஐயோ, என்னால் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களே’ என்று மேலும் குமையக்கூடாது. அதற்காக நாம் இதை எழுதவில்லை. மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 151 தாய்மாரையும் அவர்களுடைய 7 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளையும் டாக்டர் மிர்னா வைஸ்மன் குழுவினர் மூன்று மாதம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் மருந்து கொடுக்கவில்லை. ஏற்கெனவே மனநலக் கோளாறு இருந்த பிள்ளைகளில், தாய் முழுக்கக் குணமான வீடுகளில் 100-க்கு 33 பேர் அந்தக் கோளாறிலிருந்து விடுபட்டார்கள். தாய் குணமாகாத வீடுகளில் 12 பேர்தான். தாய் மாத்திரை சாப்பிட, பிள்ளை தேறியது. ‘எனக்கென்ன வைத்தியம், பிள்ளைகளுக்குச் செலவு செய்தால் போதும்’ என்று சொல்லும் தாய்மாருக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

சிகிச்சை பற்றியும் சில வார்த்தைகள். நோய் லேசாக இருந்தால் முறையாகப் பேசிப் பேசியே குணப்படுத்துகிறார்கள். கடுமையாக இருந்தால் மாத்திரையும் தேவை. மாத்திரை தொடங்கிய மறுநாளே பலன் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். முதல் சில நாட்களில் வயிற்றுப் புரட்டலோ தலைவலியோ வரலாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் ‘பிரயோசனம் இல்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இவை குடி போலப் பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. செய்வினை, காற்று கருப்பு என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களை நாம் தடுக்கவில்லை; வேண்டுதல் மனதுக்குத் தெம்பு தரும். ஆனால் அதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை மறந்துவிட முடியாது.

மனநோய் ஆஸ்பத்திரி என்றால் கம்பிக் கதவு என்ற பயமும் தேவையில்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பலருக்கு அட்மிஷனே வேண்டியதில்லை. அப்படி அட்மிட் ஆனாலும் குடும்பத்தாரைப் பிரித்து வைத்த காலம் மலையேறிவிட்டது. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து, நோயாளியோடு உறவினரும் தங்க ஏற்பாடு செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் அந்த முறை கைக்கொள்ளப்பட்டது. குடும்பமும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்பது நம் நாட்டு டாக்டர்கள் உலகத்துக்குச் செய்து காட்டிய பாடம்.

வேலை போய்விடுமோ, விஷயம் வெளியே தெரிந்து பெண்ணுக்கு வரன் தட்டிப் போகுமோ என்ற அச்சம் நியாயமானதே. 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உடல் நோய்க்குத் தரும் இன்ஷூரன்சை மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஈ.எஸ்.ஐ. சந்தா தேவையான நாட்களுக்குக் கட்டியிருக்கும் தொழிலாளி, டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். யூனியன்காரர்கள் போனஸ் பற்றிப் பேசும் கூட்டத்திலேயே இதையும் சொல்லலாம். கட்டட வேலை செய்வோருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் இந்த வசதி பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிதான் கதி.

ஆகையால் கர்நாடக அரசுக்கு ஒரு வேண்டுகோள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், அதிகம் படிக்காத சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள தாய்மாரோடு வீட்டுக்கே போய்ப் பேச வைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவுப்படி, குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 100-க்கு 23 பேருக்குத்தான் நோய் நீடித்தது. மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. நம் அங்கன்வாடி ஊழியர்களும் ஆஷா ஊழியர்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். தமிழர், தெலுங்கர், இந்திக்காரர் அதிகம் வாழும் வார்டுகளில் அந்தந்த மொழி தெரிந்தவர்களை இதற்கு நியமிக்கவும், பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் துபாஷி ஒருவரை வைக்கவும் ஆவன செய்ய வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்கு அழைக்கும் பேச்சாளர்களோடு, ஆண்டுக்கு ஒரு தடவை ஒரு மனநல டாக்டரையும் அழைக்கலாம். கூட்டம் வரும், நாலு பேர் கேட்கத் தயங்கும் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் போதும்.

வீட்டில் உள்ளவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மனசைச் சோர வைக்கும் நோய். நீ செய்த எதனாலும் வந்ததில்லை. டாக்டர் பார்க்கிறார். கொஞ்ச நாளாகும்.’ இவ்வளவுதான். ஆறு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். சோர்ந்திருப்பவர் உயிரை வெறுத்துப் பேசினால் மட்டும் அதை மிரட்டல் என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேச வசதி உண்டு. எடுத்ததும் தமிழ் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.